அவயவியும் ஆப்பிளும்

நீரிழிவு நுழைந்த வீட்டில் பழத்தட்டைச் சுற்றி இரண்டு தீர்ப்புகள் உலவும். சர்க்கரை எந்த வேடத்தில் வந்தாலும் சர்க்கரைதான், மாம்பழத்தில் இருந்தால் என்ன, மைசூர்பாகில் இருந்தால் என்ன, ரத்தத்தில் கலந்தபின் எல்லாம் ஒன்றே, ஆகவே தொடாதே என்பது ஒன்று. பழம் இயற்கை தந்தது, ஆண்டவன் மரத்தில் காய்க்க வைத்தது, அது எப்படிக் கெடுக்கும், தாராளமாகச் சாப்பிடு என்பது மற்றது. முதல் தீர்ப்பைச் சொல்பவர் கொஞ்சம் வேதியியல் படித்தவராக இருப்பார். இரண்டாமவர் கொஞ்சம் பக்திமான். ஒரே ஆள் காலையில் அதையும் மாலையில் இதையும் பேசுவதும் நடக்காததல்ல. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நிதியுதவியோடு நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு கணக்கிட்டது. அத்தனை வீடுகளிலும் இந்த வாக்குவாதம் ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டிருக்கும். அதை வெறும் பத்திய விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு முழுப்பொருள் தன் பகுதிகளின் கூட்டுத்தொகை மட்டும்தானா, இல்லை அதற்கு மேல் ஏதாவதா என்ற பழைய தத்துவக் கேள்விதான் அடியில் கிடக்கிறது. இரண்டு தீர்ப்புகளும் அந்தக் கேள்விக்குத் தவறான விடை சொல்வதால்தான் தடுமாறுகின்றன என்பது என் வாதம்.

இந்திய தருக்க மரபில் இதற்கு அவயவி வாதம் என்று பெயர். பகுதிகள் அவயவங்கள், அவற்றால் ஆன முழுப்பொருள் அவயவி. நியாய, வைசேடிக மரபினர் அவயவி என்பது அவயவங்களிலிருந்து வேறான உண்மைப் பொருள் என்றார்கள். நூல்களால் ஆனதுதான் துணி, ஆனால் துணி நூல்களின் குவியல் அல்ல. நியாய சூத்திரம் இதற்கு ஒரு சான்று காட்டுகிறது: ஒரு பொருளின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் முழுப்பொருளும் கூடவே வருகிறதே, வெறும் குவியலாக இருந்தால் கையில் பிடித்த பகுதி மட்டும்தானே வர வேண்டும்? உரைகாரர் வாத்ஸ்யாயனர் அங்கேயே ஒரு தடையையும் எழுப்பிவிடுகிறார். பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலே போதுமே, பச்சை மண்குடத்தில் நீர் மண்ணைப் பிடித்து வைத்திருப்பதுபோல. அதற்குத் தனியாக ஒரு முழுப்பொருள் எதற்கு? பௌத்தர்கள் இந்தத் தடையைத் தங்கள் கொள்கையாகவே எடுத்துக்கொண்டார்கள். முழுமை என்பது நாம் வைக்கும் பெயர், உண்மையில் இருப்பவை பகுதிகளே என்பது அவர்கள் கட்சி. தமிழுக்கு இந்தச் சர்ச்சை புதிதல்ல. வஞ்சி மாநகரில் வைசேடிக வாதி தன் பதார்த்தங்களை அடுக்குவதையும், பின்னர் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலைப் போதிப்பதையும் மணிமேகலை வெவ்வேறு காதைகளில் கேட்கிறாள். துணி, குடம் என்று போன இந்த வாதத்துக்கு ஆப்பிளை வைத்து ஒரு சோதனையே நடந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

1977-இல் லான்செட் இதழில் ஹேபர், ஹீட்டன் முதலானோர் வெளியிட்ட ஆய்வு அது. உடல்நலமுள்ள பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று விதமாகக் கொடுத்தார்கள்: முழுப்பழமாக, கூழாக, சாறாக. மூன்றிலும் உடலுக்குச் சேரும் கார்போஹைட்ரேட் 60 கிராம். அளவில் வித்தியாசமே இல்லை. சாற்றை முழுப்பழத்தைவிடப் பதினொரு மடங்கு வேகமாகக் குடித்து முடித்தார்கள். சரி, வேகம்தான் காரணம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக மூன்றையும் ஒரே நேர அளவில் உட்கொள்ளச் செய்தும் பார்த்தார்கள். அப்போதும் சாறு கூழைவிடக் குறைவாகவே பசியாற்றியது, கூழ் முழுப்பழத்தைவிடக் குறைவாக. ரத்தச் சர்க்கரை ஏறிய உயரம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இதைப் பழத்தின் பக்கம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேறுபாடு அதற்குப் பின்னால் இருந்தது. சாறும் கூழும் இன்சுலினை முழுப்பழத்தைவிட அதிகமாகச் சுரக்க வைத்தன. சாற்றுக்குப் பின் ரத்தச் சர்க்கரை தொடங்கிய இடத்துக்கும் கீழே சரிந்தது, கூழுக்குப் பின் அதைவிடக் குறைந்த சரிவு, முழுப்பழத்துக்குப் பின் அந்தச் சரிவே இல்லை. அதாவது ஒரே சர்க்கரையை ஓரிடத்தில் கொண்டு சேர்க்க உடல் வேறுவேறு விலை கொடுத்தது. கணையம் ஏற்கெனவே களைத்துப்போன நீரிழிவுக்காரருக்கு இந்த விலை சின்ன விஷயமா?

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய ரகசியம் இல்லை. ஒரு சாத்துக்குடிச் சுளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும்: வெள்ளை நார், அதற்குள் மெல்லிய தோல், அதற்குள் நெருக்கமாக நிமிர்ந்து நிற்கும் சாற்றுப் பைகள், ஒவ்வொரு பைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத செல்கள், ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் செல்லுலோசும் பெக்டினும் சேர்ந்த சுவர். சர்க்கரை அந்தச் சுவர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. பல் சில சுவர்களை உடைக்கும், எல்லாவற்றையும் உடைக்காது. மிச்சத்தை இரைப்பையும் குடலும் மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். ஜூஸ் கடையில் நடப்பது வேறு. மூன்று நான்கு பழங்களை இரண்டாக அறுத்துப் பிழிந்து, சக்கையை வடிகட்டியில் நிறுத்தி, போதாக்குறைக்கு இரண்டு கரண்டி சர்க்கரையும் போட்டு ஒரு டம்ளரில் தருகிறார்கள். மூன்று நான்கு சாத்துக்குடியை ஒரே இடத்தில் உட்கார்ந்து உரித்துத் தின்பவர் அபூர்வம். அவற்றின் சாற்றைப் பேச்சினூடே குடித்து முடிப்பவர்கள்தான் எல்லோரும். அளவைக் காக்கும் காவல்காரனும் அந்த நார்தான், அது சக்கையோடு குப்பைக்குப் போகிறது.

“சர்க்கரை சர்க்கரைதான்” கட்சியின் தீர்ப்பு இங்கே அசைந்துவிடுகிறது. மருத்துவ உலகமே அதை முழுமையாக நம்பவில்லை என்பதற்கு இரண்டு அடையாளங்கள் சொல்லலாம். நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்துக் கை நடுங்கும்போது டாக்டர்கள் சொல்வது, சுமார் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போகும்படி அரை டம்ளர் பழச்சாறு குடி, பதினைந்து நிமிடம் கழித்துச் சோதித்துப் பார் என்பது. ஓர் ஆப்பிளைக் கடித்துத் தின்னு என்று அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை, ஆப்பிளில் 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தும். அவசரத்துக்கு ஆகாதது எது, ஆவது எது என்று தெரிந்து வைத்திருப்பவர்கள் இரண்டும் ஒன்று என்று எப்படிச் சொல்வார்கள்? அடுத்தது, 2015-இல் உலகச் சுகாதார நிறுவனம் சர்க்கரை பற்றி வெளியிட்ட வழிகாட்டி. மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்த வேண்டிய கட்டற்ற சர்க்கரையின் கணக்கில் தேனும் பழச்சாறும் வருகின்றன. முழுப்பழத்தின் சர்க்கரை வருவதில்லை. மூலக்கூறு ஒன்றே, கணக்கு வேறு.

இவ்வளவையும் கேட்ட பௌத்தர் தோற்றுவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த தர்மகீர்த்தி எது உண்மை என்பதற்கு ஓர் உரைகல் வைத்தார்: காரியம் செய்வது எதுவோ அதுவே உள்ளது. முழுப்பழம், சாறு செய்யாத ஒரு காரியத்தைச் செய்கிறது, ஆகவே அவயவி உண்டு என்று நியாயவாதி அந்த உரைகல்லையே பிடுங்கி வாதாடலாம். தர்மகீர்த்தி மரபினரின் மறுமொழியும் ஆயத்தமாக இருக்கும். பகுதிகள் குறிப்பிட்ட நெருக்கத்தில் அமையும்போது அவற்றுக்குத் தனித்தனியே இல்லாத ஆற்றல் பிறக்கிறது. அந்த அமைப்பு போதும், அமைப்புக்கு மேல் ‘பழம்’ என்ற இன்னொரு பொருள் வேண்டியதில்லை. ஹேபர் குழுவின் கூழ் இந்த மறுமொழிக்கே துணை நிற்கிறது. கூழில் நாரும் இருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது, பழத்திலிருந்து எதுவும் நீக்கப்படவில்லை. ஆனாலும் முழுப்பழம் செய்ததைக் கூழ் செய்யவில்லை. நார்ச்சத்துதான் மந்திரம் என்று நம்பி, சாற்றைக் குடித்துவிட்டு மேலே ஒரு கரண்டி நார்ப்பொடியைக் கலக்கிக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பட்டியலில் உள்ள எல்லாம் இருந்தும் பழம் இல்லாமல் போகலாம்.

அமைப்புதான் காரணம் என்றால் அதற்கு நேர்மாறான சான்றையும் ஏற்க வேண்டியிருக்கும், அதுவும் கிடைத்திருக்கிறது. பிரிட்டன் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், வாழை, மாம்பழம், ராஸ்பெர்ரி, பேஷன் பழம் முதலியவை கலந்த பழக்கலவையைத் துண்டுகளாகத் தின்றபோதைவிட வலுவான மிக்ஸியில் அடித்துக் குடித்தபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. அரைபட்ட விதைகளிலிருந்து வெளிவந்த நாரும் பிறவும் சர்க்கரை உறிஞ்சப்படுவதை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். மென்று விழுங்குகிறவரின் வயிற்றில் அந்த விதைகள் பெரும்பாலும் உடையாமலே கடந்து போகின்றன. முழுமை புனிதமானது, சிதைத்தால் பாவம் என்று நினைப்பவருக்கு இது சங்கடம். எனக்குச் சங்கடம் இல்லை. ஒரு சிதைவு ஓர் அமைப்பை அழிக்கிறது, இன்னொரு சிதைவு பூட்டிக் கிடந்த ஒன்றைத் திறந்துவிடுகிறது. எந்தப் பழத்தில் எது என்பது பழத்துக்குப் பழம் பார்த்துத் தீர வேண்டிய விஷயம். ஆப்பிளுக்கு நடந்ததை ராஸ்பெர்ரியின் மேல் ஏற்ற முடியாது, ராஸ்பெர்ரிக்கு நடந்ததைச் சாத்துக்குடி ஜூஸ் கடைக்காரர் தன் சாட்சியாகக் கூப்பிடவும் முடியாது. அவர் விதையையும் சக்கையையும்தான் முதலில் எறிகிறார்.

இப்போது பக்திமானின் தீர்ப்பு. ஆண்டவன் தந்தது கெடுக்காது என்பதில் ஒரு நன்றியுணர்வு இருக்கிறது, அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் வாதமாக அது நிற்காது. தேனும் இயற்கை தந்ததுதான், பதநீரும் அப்படியே. கரும்பைப் பொங்கலன்று கடித்து மென்று துப்புவதும் அதே கரும்பைச் சாறு பிழிந்து இஞ்சி எலுமிச்சையோடு குடிப்பதும் இயற்கையின் கணக்கில் ஒன்று, ரத்தத்தின் கணக்கில் ஒன்றல்ல. தவிர, இன்று சந்தையில் இருக்கும் விதையில்லாத திராட்சையும் ஒட்டு மாம்பழமும் மனிதன் இனிப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தவை. மரத்தில் காய்த்தது என்பது உண்மை, மரமே காய்த்தது என்பது பாதி உண்மை. இயற்கையே தன் அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கிறது என்பதும் இருக்கிறது: வாழைக்காயின் மாவுச்சத்துதான் நாளாக ஆகச் சர்க்கரையாகிறது. தோல் கறுத்துக் குழைந்த பழமும் இப்போதுதான் மஞ்சள் பூத்த பழமும் ஒரே சீப்பில் இருந்தாலும் உடலுக்கு ஒரே உணவாகா. அமைப்பைப் பார்க்காமல் ‘பழம்’ என்ற பெயரை மட்டும் நம்புகிறவர் விஷயத்தில் பௌத்தர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

சமயத்துக்குள்ளேயே இதைவிட நல்ல விடை ஒன்று உண்டு. பழனித் தலபுராணத்தில் ஞானப்பழத்தைப் பங்கு போட முடியாது, போட்டால் அதன் பெருமை போய்விடும் என்பதால்தான் பிள்ளைகளுக்குள் போட்டியே வருகிறது. அதே பழனியின் பிரசாதம் பஞ்சாமிர்தம்: விருப்பாச்சி மலைவாழையைப் பிசைந்து, சர்க்கரையும் தேனும் நெய்யும் ஏலமும் பேரீச்சையும் கற்கண்டும் சேர்த்துக் குழைத்தது, 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது. பிரிக்கக் கூடாத பழத்தின் மலையில் பிசைந்த பழம் வழங்கப்படுகிறது. இதில் முரண் இல்லை, ஏனென்றால் பிரசாதத்தின் முழுமை வேறு வகை. உணவு பாதியானால் பசி பாதிதான் தீரும். பிரசாதம் அப்படியல்ல, விரல்நுனியில் எடுத்து நாக்கில் வைத்ததும் டப்பாவில் வாங்கிவந்து தின்றதும் அருளில் ஒன்று என்பதுதான் மரபு. பக்தியின் பெயரால் கிண்ணம் நிறைய எடுத்துக்கொள்ளும் நீரிழிவுக்காரர் பிரசாதத்தை உணவாக்கிவிடுகிறார். “எனக்கு சுகர்” என்று அர்ச்சனைத் தட்டின் ஒற்றை வாழைப்பழத்தைக்கூடத் திருப்பித் தருபவர், உணவாகப் பார்த்தாலும் பெரிதாகப் பயப்பட வேண்டாத ஒன்றுக்குப் பயப்படுகிறார். அன்றைக்கே மண்டபத்தில் மூன்று தட்டு வெள்ளைச் சோறு அவருக்குப் பயத்தைத் தருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

வலுவான தடை வேறிடத்திலிருந்து வருகிறது. பத்துப் பேர் ஆப்பிள் தின்றதெல்லாம் இருக்கட்டும், பழம் தின்பதால் நீரிழிவுக்காரருக்கு நன்மை உண்டு என்பதற்கு என்ன ஆதாரம்? 2013-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹார்வர்டு ஆய்வாளர்கள் வெளியிட்டது, அமெரிக்க மருத்துவத் துறையினர் 1,87,382 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கு. வாரம் மூன்று முறை குடிக்கும் பழச்சாற்றுக்குப் பதிலாக முழுப்பழம் தின்றால் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவதோடு தொடர்புடையது என்று அது கண்டது. ஆனால் எல்லாப் பழமும் ஒன்றல்ல: புளூபெர்ரி, திராட்சை, ஆப்பிள் ஆகியவை நல்ல பக்கத்தில் நின்றன, ஒரு வகை முலாம்பழம் மறுபக்கம் சாய்ந்தது. சீனாவில் சுமார் ஐந்து லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளியான ஆய்வில், தினமும் பழம் தின்றவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 12 சதவீதம் குறைவு. ஏற்கெனவே நீரிழிவு இருந்தவர்களில் வாரம் மூன்று நாளுக்கு மேல் பழம் தின்றவர்களிடையே இறப்பும் குறைவு. அங்கேயும் நீரிழிவு இருப்பதாக அறிந்தவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமாகப் பழத்தை ஒதுக்கியிருந்தார்கள். நம் வீட்டுத் தீர்ப்பு நமக்கு மட்டும் சொந்தமல்ல.

இவை அவதானிப்புகள்தானே, பழம் வாங்க வசதியுள்ளவர் நடைப்பயிற்சிக்கும் போவார், டாக்டரிடமும் போவார், பழத்துக்கு ஏன் புகழ் தருகிறாய் என்று கேட்டால் கேள்வி நியாயமானது. வயது, வருமானம், புகைப்பழக்கம் எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம் கொடுத்தாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது. அதைப் போக்கக்கூடியது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்யும் சோதனை. டென்மார்க்கில் அப்படி ஒன்று நடந்தது, 2013-இல் வெளியானது. புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 63 பேரைப் பிரித்து, ஒரு சாராருக்குத் தினம் குறைந்தது இரண்டு பழம், மறு சாராருக்கு அதிகபட்சம் இரண்டு பழம் என்று சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை இரு தரப்பிலும் குறைந்திருந்தது, தரப்புகளுக்கிடையே வேறுபாடு இல்லை. இதை எப்படி வாசிப்பது? பழத்தை அதிகம் தின்றவர்களுக்குக் கெடுதல் வரவில்லை என்று சொல்லலாம். பழம் தின்றதால் சர்க்கரை இறங்கியது என்று சொல்ல முடியாது. முழுப்பழத்தை நீரிழிவுக்கு மருந்து என்று விற்பவர்களும், நாவல்கொட்டைப் பொடியைச் சஞ்சீவியாக்குபவர்களும் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். நாவல்கொட்டை விஷயத்தில் இன்னொரு வினோதமும் உண்டு: பழத்தை எறிந்துவிட்டு உள்ளே இருக்கும் ஒரு பகுதியைப் பொடித்து அதில்தான் சக்தி என்பது, நாட்டு வைத்தியத்தின் பெயரில் சொல்லப்பட்டாலும், வேதியியல் கட்சியின் வாதமேதான்.

நியாயவாதி இங்கே ஒரு கிடுக்கிப்பிடி போடலாம். பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையைத் தனியே எண்ணாதே, அமைப்போடு பார் என்கிறாய். அப்படியானால் பழத்தையும் தனியே எண்ணலாமா? அதுவும் ஒரு சாப்பாட்டின் அவயவம், சாப்பாடு ஒரு நாளின் அவயவம். எனக்கு இது தடையாகத் தோன்றவில்லை, வாதத்தின் அடுத்த படியாகவே தோன்றுகிறது. 100 கிராம் மாம்பழத்தில் சுமார் 14 கிராம் சர்க்கரை. பதினொரு மணிக்கு இரண்டு பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட காபியும் இருந்த இடத்தில் அந்த மாம்பழத்துண்டுகள் வந்தால் அது ஒரு நிகழ்ச்சி. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு முடிந்தபின் ‘பழம்தானே’ என்று இலையில் விழுந்தால் அது வேறு நிகழ்ச்சி. ஹார்வர்டு கணக்கில் அந்த 7 சதவீதம் பழம் சாற்றின் இடத்தைப் பிடித்ததற்குக் கிடைத்தது. மேலதிகமாகச் சேர்ந்ததற்கு அல்ல. இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வேளைக்கும் கார்போஹைட்ரேட்டைக் கணக்கிடுகிறவர் முழுப்பழத்தின் கிராமையும் எண்ணித்தான் ஆக வேண்டும், அவருடைய வேலைக்கு வேதியியல் கட்சியின் கணக்கு சரி. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம்தான் கவலை, அங்கே வாழைப்பழத்தின் நாரும் சுவரும் உதவிக்கு வாரா.

முழுமை இப்படி விரிந்துகொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்பதற்கும் தர்மகீர்த்தியின் உரைகல்லே எனக்குப் போதுமானதாகத் தெரிகிறது: காரியத்தில் வேறுபாடு தெரியும் இடம்வரை. வீட்டிலேயே விரல்நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கும் கருவி இன்று பலரிடம் இருக்கிறது. ஒரு கொய்யாவைத் தோலோடு கடித்துத் தின்றுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு நாள், அதே கொய்யாவை மதியச் சோற்றுக்குப் பின் தின்றுவிட்டு இன்னொரு நாள், சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டுத் தின்று மூன்றாவது நாள் என்று பார்த்தால் மூன்று எண்கள் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கருவியைக் காலை வெறும் வயிற்றில் மட்டும் பயன்படுத்துகிறார்கள், பழத்தைப் பற்றி அது எதுவும் சொல்ல முடியாத நேரத்தில்.